கலெக்டருக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு

வாசுதேவநல்லூரில் ஒரு பெண் பட்டம் முடித்துவிட்டுப் புத்தகமும் கையுமாக வீட்டில் இருந்தால், "கலெக்டருக்குப் படிக்கிறா" என்று தெருவே சொல்லிவிடும். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ்., ஐ.எஃப்.எஸ்., வருமான வரி, சுங்கம், ரயில்வே, தபால் என்று இருபதுக்கும் மேற்பட்ட மத்தியப் பணிகளுக்கு யு.பி.எஸ்.சி. என்கிற மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் ஒரே தேர்வு அது; முதல்நிலை, மெயின், நேர்முகம் என்று மூன்று கட்டம். நம் ஊர் வாயில் எல்லாமே கலெக்டர்தான். படிப்பது பிள்ளையின் பாடு. மனுப் போடுவது வீட்டின் பாடு. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அரசு உயர்நிலைப் பள்ளியில் முப்பது ஆண்டு ஆசிரியையாக இருந்தவள் நான். என் தங்கை மகள் மூன்று முறை இந்தத் தேர்வுக்கு விண்ணப்பித்தாள். முதல் முறை சிக்கல் வந்தது படிப்பால் அல்ல. எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்த காகிதங்களால். பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

1. சான்றிதழ்களுக்கு என்று தனிப் பெட்டி வையுங்கள். வீட்டுப் பத்திரம், நகைச் சீட்டு, கல்யாண ஆல்பம் எதனோடும் கலக்க வேண்டாம். ஒவ்வொரு சான்றிதழும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும். ஓட்டை போடவோ மடிக்கவோ கூடாது. லேமினேஷன் கூடவே கூடாது. பத்திரமாக இருக்கும் என்று நினைத்துச் செய்கிறோம். பிறகு ஒரு திருத்தம் வந்தாலோ, முத்திரையைத் தொட்டுப் பார்க்க ஓர் அதிகாரி கேட்டாலோ, உறையைப் பிரிக்கும்போது காகிதமும் சேர்ந்து கிழியும்.

2. நம் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். மலையை ஒட்டிய வீடுகளில் சுவரே வியர்க்கும். பெட்டியைச் சுவரை ஒட்டித் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். ஏட்டுச் சுவடிக்கு நம் முன்னோர் வைத்த வசம்பைத் துணியில் முடிந்து உள்ளே போட்டால் ராமபாணப் பூச்சி அண்டாது. அந்துருண்டை போடுவதானால் அதையும் துணியில் கட்டியே போடுங்கள். சாரல் ஓய்ந்ததும் ஒருநாள் நிழலில் காற்றாட எடுத்து வையுங்கள். வெயிலில் காய வைத்தால் மை வெளுக்கும். அன்றைக்கே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பென்டிரைவில் ஒன்று, பிள்ளையின் மின்னஞ்சலில் ஒன்று என்று வைத்துவிடுங்கள். 2025-ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து வயது, சாதிப் பிரிவு போன்ற சான்றுகளை முதல்நிலைத் தேர்வு விண்ணப்பத்தோடேயே ஏற்றச் சொல்லிவிட்டார்கள். முன்போல மெயின் தேர்வு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது.

3. பிறந்த தேதி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். யு.பி.எஸ்.சி.யைப் பொறுத்தவரை பிறந்த தேதி என்றால் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கிற தேதி. ஜாதகம், நோட்டரி உறுதிமொழி, பேரூராட்சிப் பிறப்புப் பதிவு எதுவும் அதற்கு மேலே நிற்காது. தேர்வு ஆண்டின் ஆகஸ்ட் 1 அன்று 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், 32 நிரம்பியிருக்கக் கூடாது. இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 3 ஆண்டும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5 ஆண்டும் மாற்றுத்திறனாளிகளுக்கு 10 ஆண்டும் சலுகை உண்டு.

இனி ஓர் ஆசிரியையாகச் சொல்கிறேன். எங்கள் பள்ளிப் பதிவேட்டைப் புரட்டினால் மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும்தான் பாதி ஊர் பிறந்தது போலத் தெரியும். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது நிரம்ப வேண்டுமே என்று அப்பாவோ தாத்தாவோ ஒரு தேதி சொல்லுவார், ஆசிரியர் எழுதிக்கொள்வார். அன்றைக்குக் கூட்டி எழுதிய பத்து மாதம், இருபத்தைந்து வருடம் கழித்து ஒரு வாய்ப்பையே தின்றுவிடும். கடைசி முறை எழுத வேண்டிய ஆண்டில் வயது தாண்டிவிட்டது என்று வந்து நின்ற என் பழைய மாணவனை நான் பார்த்திருக்கிறேன். அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வழியும் இல்லை. வீட்டில் இப்போது பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை இருந்தால், பள்ளியிலிருந்து பெயர்ப்பட்டியலைக் கையெழுத்துக்குக் கொடுக்கும் நாளில் அம்மா அப்பா இருவரும் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் படியுங்கள். தேதி, பெயர், முன்னெழுத்து, தமிழில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம். அச்சாகி வந்தபின் அலைவதைவிட அந்த அரைமணி நேரம் பெரிதல்ல.

4. பெயர். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி பெயர் இருக்க வேண்டும். நமக்கோ முன்னெழுத்துப் பழக்கம். சான்றிதழில் முன்னெழுத்து முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், பான் கார்டில் வேறு மாதிரி. நெல்லைச் சீமையில் லட்சுமி, லெட்சுமி இரண்டும் உண்டு. ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்து கூடும், ஓர் எழுத்து குறையும். ஆதாரைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு ஏற்பத் திருத்துங்கள், தலைகீழாக அல்ல. அம்மா பெயரையும் கேட்பார்கள். ரேஷன் கார்டில் ஒரு பெயர், பள்ளியில் கொடுத்தது ஒரு பெயர் என்று இருக்கும் அம்மாக்கள் நம் ஊரில் நிறைய. என் தங்கையே அப்படித்தான். மகளுக்காக நாற்பத்தெட்டு வயதில் தன் ஆதாரைத் திருத்தினாள்.

5. மாவட்டத்தின் பெயர் பார்த்து மலைக்க வேண்டாம். தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில்தான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்திய சான்றிதழ்களில் திருநெல்வேலி மாவட்டம் என்று இருப்பது பிழையல்ல. அதைத் திருத்த ஓடாதீர்கள். புதிதாக வாங்கும் எதிலும் தென்காசி மாவட்டம், சிவகிரி வட்டம் என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விண்ணப்பத்தில் இன்றைய முகவரியில் தென்காசி என்றே எழுதலாம்.

6. இதர பிற்படுத்தப்பட்டோர் சான்று. எங்களைச் சறுக்க வைத்தது இதுதான். தமிழ்நாட்டு அரசு தரும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழை வைத்து மத்திய அரசுத் தேர்வில் ஓ.பி.சி. இடம் கேட்க முடியாது. மத்திய அரசின் படிவத்தில், வளமான பிரிவினர் அல்ல என்று வட்டாட்சியர் கையெழுத்திட்ட தனிச் சான்று வேண்டும். எங்களுக்கு அது தெரியாது. பெட்டியில் அட்டை பத்திரமாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தோம். கடைசி வாரத்தில் அறிவிக்கையைப் படித்துவிட்டுப் பிள்ளை ஓடி வந்தாள்: "பெரியம்மா, இது செல்லாதாம்!" சான்று கைக்கு வந்தபோது விண்ணப்பத்தின் கடைசி நாள் போய்விட்டது. அந்த வருடம் பொதுப்பிரிவில்தான் எழுதினாள். முதல்நிலையோடு நின்றுவிட்டது. தவறு எங்களுடையது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். முதலில் உங்கள் சாதி மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறது என்று தேசியப் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் இணையதளத்தில் பாருங்கள். மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. பிறகு இ-சேவை மையத்தில் பழைய சாதிச் சான்று, ரேஷன் கார்டு, பெற்றோர் வருமான விவரம் கொடுத்து விண்ணப்பியுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகச் சிவகிரி வட்டாட்சியருக்குப் போகும். பிள்ளை வெளியூர் விடுதியில் படித்தால் இ-சேவைக்கு அப்பாவோ அம்மாவோ போக வேண்டியிருக்கும்; கைபேசியில் ஓ.டி.பி. வரும் நேரத்தில் பிள்ளை எடுக்கிற மாதிரி சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.

நாளும் முக்கியம். 2025-ஆம் ஆண்டுத் தேர்வுக்கு 2021-22, 2022-23, 2023-24 ஆகிய மூன்று நிதியாண்டு வருமானத்தை வைத்து, 2024 ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய சான்று கேட்டார்கள். விண்ணப்பக் கடைசி நாளுக்குள் கையெழுத்தாகியிருக்கவும் வேண்டும். ஆண்டுகள் தேர்வுக்குத் தேர்வு நகரும். ஏப்ரல், மே மாதத்தில் புதுச் சான்று வாங்கி வைக்கிற வீடு ஜனவரியில் பதற வேண்டியதில்லை.

7. மேற்படிச் சான்று விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வீண் பயம் உண்டு. தோட்டம் துரவு இருக்கிறதே, எலுமிச்சை நல்ல விலைக்குப் போனதே, 8 லட்சம் தாண்டிவிடுமோ என்பார்கள். அந்த 8 லட்ச ரூபாய் வரம்பில் விவசாய வருமானமும் பெற்றோர் வாங்கும் சம்பளமும் சேராது. நிலத்துக்கு வேறு கணக்கு: நீர்ப்பாசன நிலம் சட்ட உச்சவரம்பில் 85 சதவீதத்தை எட்டினால்தான் வளமான பிரிவு. அரசு வேலையில் இருப்பவர்களுக்குச் சம்பளத்தைப் பார்க்காமல் பதவியைப் பார்ப்பார்கள். பெற்றோரில் ஒருவர் நேரடியாகக் குரூப் ஏ பதவியில் சேர்ந்தவர் என்றால் சலுகை கிடையாது. வியாபாரம், வாடகை வருமானம் உள்ளவர்கள் கணக்கை வட்டாட்சியர் அலுவலகத்தில் தெளிவாகக் கேட்டுக்கொண்டு போடுங்கள். குறைத்துக் காட்டாதீர்கள். வேலையில் சேர்ந்த பிறகும் இந்தச் சான்றைத் திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள்.

8. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் சான்றுக்கு வருமான வரம்பும் வருடக் கணக்கும் இல்லை. சாதிப் பெயர் மத்தியப் பட்டியலில் உள்ளபடி இருக்கிறதா என்பதை மட்டும் சரிபாருங்கள்.

9. கைபேசி எண். பிரவுசிங் சென்டரில் பூர்த்தி செய்யும்போது, அங்கே இருக்கிற தம்பி அவசரத்துக்குத் தன் எண்ணையும் தன் மின்னஞ்சலையும் போட்டுவிடுவார். கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது. இரண்டாவது முறை எங்களுக்கு அதுதான் நடந்தது. அனுமதிச் சீட்டு எடுக்கப் போனபோது ஓ.டி.பி. யாருக்கோ போயிற்று. அந்தத் தம்பி கேரளத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். அவரைத் தேடிப் பிடிக்க நான்கு நாள். பிள்ளை அந்த நான்கு நாளும் புத்தகத்தைத் தொடவில்லை. பிள்ளையின் பெயரில் ஒரு சிம், பிள்ளையின் பெயரில் ஒரு மின்னஞ்சல். கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதிப் பெட்டியில் வையுங்கள். விண்ணப்பத்திலிருந்து இறுதி முடிவு வரை ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் விட்டுப்போகக் கூடாது. பல மாதம் செயலற்றுக் கிடக்கும் எண் வேறொருவருக்குப் போய்விடும்.

10. யு.பி.எஸ்.சி. 2025 மே மாதத்தில் புது விண்ணப்பத் தளம் தொடங்கியது. பழைய ஒருமுறைப் பதிவு அதில் செல்லாது. கணக்குத் தொடங்குதல், பொதுப் பதிவு, பொது விண்ணப்பம், குறிப்பிட்ட தேர்வுக்கான பகுதி என்று நான்கு படி. முதல் மூன்றையும் அறிவிக்கை வரும்வரை காத்திராமல் ஓய்வாக இருக்கும் நாளில் முடித்து வைக்கலாம். அறிவிக்கை வந்தபின் சுமார் மூன்று வாரம்தான் கிடைக்கும். கடைசி இரண்டு நாள் தளம் ஊர்ந்து போகும்.

11. புகைப்படம் அண்மையில் எடுத்ததாக இருக்க வேண்டும். முகம் படத்தில் முக்கால் பங்கு. கல்யாண வீட்டில் எடுத்ததை வெட்டிப் போடாதீர்கள். தேர்வின் ஒவ்வொரு கட்டத்திலும் முகம் அந்தப் படத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பது விதி. பையன் தாடியோடு படம் எடுத்தால் அடுத்த வருடம் நேர்முகத் தேர்வுக்கு டெல்லி போகும்வரை தாடியோடே இருக்கட்டும்; திருப்பதி மொட்டையை முடிவு வந்தபின் வைத்துக்கொள்ளலாம், பெருமாள் காத்திருப்பார். கையெழுத்தை வெள்ளைத் தாளில் கறுப்பு மையில், ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று முறை போட்டு ஏற்றச் சொல்கிறார்கள். மூன்றும் ஒன்றுபோல வர, ஒரு வாரம் பழைய நோட்டில் போட்டுப் பழகட்டும்.

12. கட்டணம் 100 ரூபாய். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதுவும் இல்லை. ஆயிரக்கணக்கில் யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

13. மையம் மதுரை வேண்டுமா, முந்துங்கள். தமிழ்நாட்டில் முதல்நிலைத் தேர்வுக்குச் சென்னை, மதுரை, கோவை, திருச்சி, வேலூர் என்று மையங்கள் உண்டு. முந்தி விண்ணப்பித்தவருக்கு முதலில் என்பதுதான் ஒதுக்கீட்டு முறை. நமக்கு மதுரைதான் கைக்கெட்டும் தூரம். தள்ளிப்போட்டால் வேலூரில் போய் எழுத நேரலாம்.

14. 2024-ஆம் ஆண்டுத் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 9,92,599 பேர். முதல்நிலை எழுத வந்தவர்கள் 5,83,213 பேர். மெயின் எழுதத் தகுதி பெற்றவர்கள் 14,627. நேர்முகத் தேர்வுக்கு 2,845. இறுதியில் 1,009. இந்தக் கணக்கைப் பிள்ளையைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. விண்ணப்பித்துவிட்டு எழுதப் போகாத நான்கு லட்சம் பேரைப் பாருங்கள். விண்ணப்பம் போட்டால் மட்டும் ஒரு வாய்ப்பு கழியாது. முதல்நிலையின் ஒரு தாளை எழுதினாலும் கழியும். பொதுப்பிரிவினருக்கு ஆறு, ஓ.பி.சி.க்கு ஒன்பது வாய்ப்புத்தான். "சும்மா ஒரு தரம் எழுதிப் பாரேன்" என்று மாமா, சித்தப்பா யாரும் சொல்ல வேண்டாம். தயாராக இல்லாவிட்டால் அந்த வருடம் வீட்டிலேயே இருக்கட்டும். எழுதுவதும் விடுவதும் பிள்ளையின் முடிவு.

15. படிக்கப் பணம் இல்லையே என்று நினைக்கும் வீடுகளுக்கு: தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்தில் ஆண்டுதோறும் மதிப்பீட்டுத் தேர்வு வைத்து 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து, பத்து மாதம் மாதம் 7,500 ரூபாய் தருகிறார்கள். முதல்நிலை தேறியவர்களுக்கு 25,000 ரூபாய். சென்னையில் அரசின் அகில இந்தியக் குடிமைப்பணித் தேர்வுப் பயிற்சி மையம் இருக்கிறது. மதுரையிலும் கோவையிலும் பல்கலைக்கழகங்களில் அரசுப் பயிற்சி மையங்கள் உண்டு. நமக்குப் பக்கத்துச் செங்கோட்டையில் பீடி சுற்றும் தாயின் மகள் ஒருத்தி, ஊர் நூலகத்தில் உட்கார்ந்து படித்து 2024 ஏப்ரலில் வந்த இறுதிப் பட்டியலில் இடம் பிடித்தாள். அந்தச் செய்தி வந்த பேப்பரை என் தங்கை வெட்டி அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். எண்ணெய்ப் பிசுக்கேறி எழுத்தே மங்கிவிட்டது; எடுக்க மனமில்லை.

16. தமிழை வீட்டில் சொல்லிக் கொடுங்கள். மெயின் தேர்வில் இந்திய மொழித் தாள் ஒன்று, ஆங்கிலத் தாள் ஒன்று, ஒவ்வொன்றும் 300 மதிப்பெண். இவை தரவரிசையில் சேராது. ஆனால் 25 சதவீதம் எடுக்காவிட்டால் மற்றத் தாள்களைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கிலப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும். கட்டுரையும் சுருக்கமும் மொழிபெயர்ப்பும் எழுதக் கை வராது. எங்கள் வீட்டில் ஆச்சி செய்தித்தாள் தலையங்கத்தை உரக்கப் படிப்பாள், பேத்தி கேட்டு எழுதுவாள். ஆச்சி எட்டாவது வரைதான் படித்தவள். ஒற்றுப் பிழை ஒன்று விடாமல் பிடிப்பாள். "எட்டி, 'தேர்வு குழு' இல்ல, 'தேர்வுக் குழு'ன்னு போடு" என்பாள்.

அந்த ஆங்கிலத் தாள் தவிர மெயின் தேர்வு முழுவதையுமே தமிழில் எழுதலாம், நேர்முகத் தேர்வையும் தமிழில் கேட்டுப் பெறலாம். அப்படி முழுக்கத் தமிழில் எழுதி முதன்முதலில் வென்றவர் ஆர். பாலகிருஷ்ணன், நத்தத்துக்காரர், 1984-ஆம் ஆண்டு ஐ.ஏ.எஸ். அணி, ஒடிசாவில் பணியாற்றியவர். பின்னாளில் சிந்துவெளி ஆய்வில் பெயர் பெற்றவரும் அவரே. முதல்நிலைக் கேள்வித்தாள் மட்டும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். அதனால் தமிழ்வழிப் பிள்ளைகள் ஆங்கிலச் செய்தித்தாளையும் விடக் கூடாது.

17. முதல்நிலைத் தேர்வு நாள். காலைத் தாள் 9.30-க்கு, மாலைத் தாள் 2.30-க்கு. அரைமணி முன்னதாகவே வாசற்கதவை அடைத்துவிடுவார்கள். ராஜபாளையம், திருமங்கலம் வழியாக விடியற்காலைப் பேருந்தில் மதுரை போய்ச் சேர்ந்து எழுதலாம் என்று கணக்குப் போடாதீர்கள். முதல் நாளே போய்விட வேண்டும். மாலையில் தேர்வுப் பள்ளியின் வாசலைப் போய்ப் பார்த்து வர வேண்டும். மதுரையில் ஒரே பெயரில் இரண்டு பள்ளி இருக்கும்.

கறுப்பு பால்பாயின்ட் பேனா மூன்று, அனுமதிச் சீட்டு இரண்டு பிரதி, விண்ணப்பத்தில் குறிப்பிட்ட அதே அடையாள அட்டை, சாதாரணக் கைக்கடிகாரம். கைபேசி உடன் வருகிறவரிடம் இருக்கட்டும்.

18. இரண்டு தாளுக்கும் நடுவே மூன்று மணி நேரம். பெரும்பாலும் மே மாதக் கடைசி. மதுரை வெயில் தெரியும்தானே. தயிர்ச்சோறு நண்பகலுக்குள் புளித்துவிடும். எலுமிச்சைச் சோறு கட்டுங்கள். பக்கத்துப் புளியங்குடி எலுமிச்சை புவிசார் குறியீடு வாங்கியது, நாலு பழத்தில் சட்டி நிறையும். சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறியபின் நல்லெண்ணெய் விட்டுப் பிசையுங்கள்; சாற்றைத் தாளிப்பில் கொதிக்க விடாமல் கடைசியில் சேர்த்தால் கசக்காது. வேர்க்கடலை வேண்டாம், இரண்டாவது தாளில் தாகம் எடுக்கும். சாப்பிடும்போது காலைத் தாளின் விடைகளை யாரும் கேட்கக் கூடாது. அப்பாக்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

19. மெயின் தேர்வு நமக்குச் சென்னையில். ஒன்பது தாள், ஐந்து நாள், இடையில் ஒரு வாரம் வரை இடைவெளி விழும். உறவினர் வீட்டில் தங்குவதானால் டிவி இல்லாத அறை இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நம் ஊரில் ரயில் கிடையாது. சங்கரன்கோவிலில் பொதிகை நிற்கும். முன்பதிவு இப்போது 60 நாள் முன்பிருந்துதான் திறக்கிறது, முதல் நாள் காலையிலேயே எடுத்துவிடுங்கள்.

20. விரிவான விண்ணப்பம். மெயின் தேர்வுக்கட்டத்தில் பூர்த்தி செய்வது. சொந்த ஊர், பொழுதுபோக்கு எல்லாம் அதில் வரும், அதிலிருந்துதான் நேர்முகத் தேர்வில் கேள்வி பிறக்கும். பொழுதுபோக்கு என்று இல்லாததை எழுத வேண்டாம். எங்கள் பிள்ளை கோலம் என்று எழுதினாள். பக்கத்து வீட்டு அக்கா சிரித்தாள். கோலத்தின் கணக்கைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும் அளவுக்கு அவளுக்குத் தெரியும். அது போதும்.

சொந்த ஊர்க் கேள்விக்குப் புத்தகம் உதவாது, வீட்டுப் பெரியவர்கள்தான் உதவ வேண்டும். வாசுதேவநல்லூர் என்று எழுதினால் என்ன கேட்கலாம்? பக்கத்து நெற்கட்டும்செவலில் இருந்து பூலித்தேவர் கும்பினிக்கு வரி கட்ட மறுத்த கதை. 1761-இல் யூசுப் கான் படை வாசுதேவநல்லூர்க் கோட்டையைப் பிடித்தது. சிந்தாமணிநாதர் கோயிலில் அர்த்தநாரீசுவரர். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வரும் ஓடைகள், குளங்கள், அவற்றில் எது தூர்ந்தது, எது நிறைகிறது. மலையடிவாரத் தோட்டத்துக்குள் யானை வந்தால் யாருக்கு எவ்வளவு இழப்பு. கொல்லம் – திருமங்கலம் நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகள் எதை ஏற்றிப் போகின்றன. எலுமிச்சை விலை ஏன் விழுகிறது. ஓர் இளம் அதிகாரி வேலையில் சேர்ந்த மறுநாள் சந்திக்கப்போகும் விஷயங்கள் இவைதானே. எங்கள் வீட்டுத் தாத்தா பிள்ளையைக் குளக்கரைக்கு அழைத்துப் போய் மடையையும் கலிங்கையும் காட்டினார். நீர் முறை வைத்துப் பாய்ச்சிய காலத்தில் யார் காவல் இருந்தார்கள் என்று சொன்னார். அந்த ஒரு மாலை, எந்தப் பயிற்சி மையத்திலும் கிடைக்காது.

21. வீட்டில் நாற்பதைத் தொட்ட, தனியார் நிறுவனத்திலோ ஆராய்ச்சி நிலையத்திலோ நீண்ட அனுபவம் உள்ளவர் இருந்தால் இதையும் அறிந்துகொள்ளட்டும். இணைச் செயலாளர் பதவிக்கு வெளியிலிருந்து நேரடியாக ஆள் எடுக்கும் முறை 2018-இல் 10 இடங்களோடு தொடங்கியது. 2024 ஆகஸ்டில் 45 இடங்களுக்கு வந்த விளம்பரம், இட ஒதுக்கீடு இல்லையே என்ற எதிர்ப்பால் மூன்றே நாளில் திரும்பப் பெறப்பட்டது. இனி எப்படி வந்தாலும் அதற்குக் கேட்பது அனுபவச் சான்றுதான். ஒவ்வொரு வேலையை விடும்போதும் சேர்ந்த நாள், விலகிய நாள், பதவி, செய்த வேலை, சம்பளம் ஐந்தும் எழுதி முத்திரையிட்ட கடிதம் வாங்கிப் பெட்டியில் போடுங்கள். பத்து வருடம் கழித்துக் கேட்டால் அந்தக் கம்பெனியே இருக்காது.

22. டெல்லி. நேர்முகத் தேர்வு ஷாஜகான் சாலையில் தோல்பூர் இல்லத்தில். பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. ஜனவரிக் குளிர் நம் குற்றாலக் குளிர் அல்ல. கம்பளியை இங்கேயே வாங்கிப் போட்டுப் பழகட்டும். மதுரையிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸும் சம்பர்க் கிராந்தியும் நிஜாமுதீன் வரை போகின்றன, தினமும் அல்ல. மூலச் சான்றிதழ்கள் தோள்பையில், உடம்போடு இருக்க வேண்டும். பெர்த்துக்குக் கீழே தள்ளும் பெட்டியில் அல்ல. நேர்முகத் தேர்வுக்கு மறுநாளே மருத்துவப் பரிசோதனை தொடங்கும், அதனால் அன்றிரவே திரும்ப டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். பயணச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். ரயில் கட்டணத்தில் ஒரு பகுதியை யு.பி.எஸ்.சி. திருப்பித் தரும்.

23. முடிவு வரும் நாளில் வீட்டில் கூட்டம் சேர்க்காதீர்கள். எங்கள் பிள்ளை மூன்றாவது முறை டெல்லி வரை போய் வந்தாள். இறுதிப் பட்டியலில் பெயர் இல்லை. அன்று மாலை ஆச்சி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு தோசை ஊற்றி முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் இது தெரிந்தது: நேர்முகத் தேர்வு வரை வந்து பட்டியலில் வராதவர்கள் சம்மதித்தால், அவர்களின் விவரத்தைப் பிரதிபா சேது என்ற தளத்தின் வழியாக அரசு நிறுவனங்களும் தனியார் நிறுவனங்களும் பார்த்து வேலைக்கு அழைக்கலாம். விண்ணப்பத்தில் அந்தச் சம்மதம் கேட்கும் இடத்தில் ஆம் என்று குறிக்கப் பிள்ளையிடம் இப்போதே சொல்லி வையுங்கள். எங்கள் பிள்ளை குறித்திருந்தாள். இந்த ஏப்ரலில் புது ஓ.பி.சி. சான்றும் வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறோம்.